உறங்கும் மகிழுந்தும் உறங்காத மின்சாரமும்



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டிற்கு ஒருவர் மட்டும், அதுவும் அருகிலுள்ள கடைக்கு மட்டும் சென்றுவர இசைவு கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககங்களின் கீழ்த்தள நிறுத்துமிடங்களிலும் கிள்ளான் தாமான்களின் வீட்டு முற்றங்களிலும் மகிழுந்துகள் தூசி படிந்து கிடந்தன. மே 4ஆம் நாள் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது பலர் சாவியைத் திருப்பினர். “டக்” என்ற ஓர் ஒலி. சிலருக்கு அதுவும் இல்லை. நம் ஊர் வழக்கில் சொன்னால், பேட்டரி “கோங்”!

பழுது எதுவும் இல்லாத வண்டிகளுக்கும் இந்நிலை நேர்ந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இயந்திரம் அணைந்திருக்கும்போது மின்சாரம் எங்கே போகிறது? இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு திருடன் அகப்பட்டிருக்கிறான். அந்த வரலாற்றை அறிந்திருந்தால் இன்று நம் வண்டியில் ஒளிந்திருப்பவனையும் எளிதில் பிடிக்கலாம் என்னும் எண்ணத்தில்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் பொறியாளன் அல்லன்; தொடக்கப்பள்ளி ஆசிரியன். ஆயினும் இதற்குத் தேவைப்படும் அறிவியல் பெரும்பாலும் நம் ஐந்தாம் ஆண்டுப் பாடநூலிலேயே இருக்கிறது.

ஈயமும் அமிலமும்

இத்தாலியரான வோல்ட்டா தமது மின்னடுக்கை 1800இல் உலகுக்கு அறிவித்தார். அதிலிருந்து மின்சாரம் வந்தது. ஆனால் தீர்ந்தால் தீர்ந்ததுதான். மீண்டும் நிரப்பக்கூடிய மின்கலத்தை 1859இல் உருவாக்கியவர் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே. இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதவாறு சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். அவ்வளவுதான். 1881இல் கமீல் ஃபோர் என்பவர் தகட்டின்மீது ஈயச் சேர்மத்தைப் பசையாகப் பூசி, அதன் கொள்ளளவைப் பெருக்கினார். இன்று உங்கள் மைவியின் முன்மூடிக்குக் கீழே இருக்கும் பெட்டி அடிப்படையில் இதே பொருள்தான். திறன்பேசியின் மின்கலம் எத்தனையோ முறை உருமாறிவிட்டது. மகிழுந்து மட்டும் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கையே இன்னும் சுமந்துகொண்டு ஓடுகிறது.

உள்ளே நிகழ்வது இதுதான். நிறைந்த நிலையில் ஒரு தகடு ஈயம். மற்றது ஈய ஈராக்சைடு. இடையில் கந்தக அமிலம். மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் ஈயச் சல்பேட்டு படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றும்போது இவை யாவும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஆனால் வெறுமையான நிலையில் பல நாள் கிடந்தால் அந்தச் சல்பேட்டு கடினமான படிகங்களாக இறுகிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் முழுமையாகக் கரையாது. ஒருமுறை முற்றும் வற்றிய மின்கலம் பழைய வலிமையைப் பெறாமல் போவது இதனால்தான். ஆகவே மின்னிழப்பு என்பது ஒரு காலைப்பொழுதின் எரிச்சல் மட்டுமன்று. மின்கலத்தின் ஆயுளையும் அது அரிக்கிறது.

இங்கே நம் மண்ணின் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மலாயாவில் மின்னாக்கி பயன்பட்டதற்கான முதற்பதிவு 1894ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரவாங்கில் இருந்த தங்கள் ஈயச் சுரங்கத்திற்காக அதை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ. மற்றவர் பத்துமலைத் திருத்தலத்தோடு பெயர் இணைந்த நம் தம்புசாமிப் பிள்ளை அவர்கள். (சுரங்கத்தில் எடுத்தது வெள்ளீயம், மின்கலத்தில் இருப்பது காரீயம். மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.) நூறாண்டு கழித்து, 1994இல் கஞ்சில் மகிழுந்தை வெளியிட்ட பெரோடுவா நிறுவனத்தின் ஆலை இருப்பதும் அதே ரவாங் வட்டாரத்தில்தான்.

திருடர்களின் வரிசை

தொடக்ககால மகிழுந்துகளுக்கு மின்னிழப்பு என்ற தொல்லையே கிடையாது. முன்புறம் இருந்த கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை உயிர்ப்பித்தார்கள். விளக்குகள் மண்ணெண்ணெயிலோ அசிட்டிலின் வாயுவிலோ எரிந்தன. ஆறு மாதம் கொட்டகையில் கிடந்தாலும் வண்டி கைச்சுழற்சிக்குக் கிளம்பும். ஆனால் அக்கைப்பிடி சில வேளைகளில் பின்னோக்கி உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும்.

இதற்குத் தீர்வு கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவர் அதற்குமுன் கடைகளின் காசுப்பதிவு இயந்திரத்தை மின்மயமாக்கியவர். காசுப்பெட்டியைத் திறக்க மின்னோடி நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. ஒரு நொடி ஓங்கி உழைத்தால் போதும். மகிழுந்தைக் கிளப்புவதும் அப்படியே என்பதை அவர் கண்டுகொண்டார். 1911இல் உருவான அவருடைய மின்தொடக்கி, 1912ஆம் ஆண்டுக் கேடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. ஒரே வீச்சில் நூறு ஆம்பியருக்கும் மேல் கேட்கும் அத்தொடக்கிக்காகத்தான் கனத்த ஈயமின்கலம் மகிழுந்தின் நிரந்தர உறுப்பாயிற்று. மின்கலம் வந்தது, அதனுடன் வற்றிப்போகும் கவலையும் வந்தது.

முதல் திருடன், மின்கலத்தை நிரப்ப வந்த டைனமோவே! இயந்திரம் ஓடும்போது டைனமோ மின்னூட்டும். இயந்திரம் நின்றதும் நிலைமை தலைகீழாகும். மின்கலத்தின் மின்சாரம் டைனமோவுக்குள் பாய்ந்து அதை மோட்டாராகச் சுழற்ற முயலும். இதைத் தடுக்க “கட் அவுட்” எனப்படும் ஒரு தானியங்கிச் சாவியை இடையில் வைத்தார்கள். அதன் தொடுமுனைகள் தீப்பொறியால் ஒட்டிக்கொண்டால், விடிவதற்குள் மின்கலம் வற்றிவிடும்; டைனமோவும் சூடேறிக் கெடும். மலாயாச் சாலைகளில் மோரிஸ் மைனர் ஓடிய காலத்தின் பழுது இது. (அவ்வண்டியை இன்றும் பேணிவருவோர் கவனிக்க: அதில் நேர்முனைதான் உடற்கூட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய பழக்கத்தில் மாற்றிப் பொருத்திவிடாதீர்கள்.)

1960இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் வேலியண்ட் வண்டியில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. அதிலுள்ள சிலிக்கன் டையோடுகள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் என்பதால் கட் அவுட் தேவையற்றதாயிற்று. ஆனால் டையோடும் கெடும். கெட்ட டையோடு வழியாக இரவெல்லாம் மின்சாரம் பின்னோக்கிக் கசியும். வெளியில் விளக்கு எரியாது, ஒலியும் கேட்காது. இன்றைய வண்டிகளிலும் பலர் மறந்துவிடுகின்ற இடம் இதுவே.

அக்கால ஒயர்மேன்கள் (வண்டிகளின் மின்வேலை பார்ப்பவரை நம் நாட்டில் அப்படித்தான் அழைக்கிறோம்) கசிவைப் பிடிக்கக் கையாண்ட கருவி ஒரு சிறு குமிழ்விளக்கு. மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுவார்கள். முனைக்கும் கம்பிக்கும் நடுவே விளக்கை இணைப்பார்கள். எல்லாம் அணைந்திருக்கையில் விளக்கு எரியக்கூடாது. எரிந்தால் கசிவு உண்டு; பளிச்சென எரிந்தால் பெருங்கசிவு. பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். எதைக் கழற்றும்போது விளக்கு அணைகிறதோ அந்தக் கிளையில் திருடன் இருக்கிறான். பள்ளியில் தொடர் மின்சுற்று, இணை மின்சுற்று என்று கற்பிக்கிறோமே, அப்பாடத்தின் முழுப் பயனும் இதில் அடங்கியிருக்கிறது. வண்டியின் கருவிகள் யாவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றன. சோதனை விளக்கோ அவை அனைத்துக்கும் தொடராக வாசலில் நிற்கிறது. எனவே உள்ளே யார் குடித்தாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

அளந்து பார்க்கும் கருவி அதற்கும் முன்பே வந்துவிட்டது. பிரிட்டனின் அஞ்சல் துறையில் பொறியாளராகப் பணியாற்றிய டொனால்ட் மெக்காடி என்பவர், ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கருவிகளைச் சுமக்கச் சலித்துப்போய் மூன்றையும் ஒன்றாக்கினார். 1923இல் விற்பனைக்கு வந்த அதன் பெயர் “ஆவோ”. மூன்று அலகுகளின் முதலெழுத்துகளால் ஆனது. இன்று வன்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மல்டிமீட்டருக்கு அதுவே மூதாதை.

நம் தோட்டப்புறங்களில் மகிழுந்து மின்கலத்துக்கு வேறொரு வாழ்வும் இருந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பு நம் நாட்டில் 1963 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் தோட்டக் குடியிருப்புகள் பலவற்றுக்கு இரவெல்லாம் மின்சாரம் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. மின்னாக்கியைக் குறித்த நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். கறுப்பு வெள்ளைப் பெட்டியை மகிழுந்து மின்கலத்தில் இணைத்துப் படம் பார்த்த தலைமுறை இன்றும் நம்மிடையே வாழ்கிறது. பட்டணத்துக் கடையில் மின்னேற்றி, மிதிவண்டியின் பின்னால் கட்டிக் கொண்டுவருவார்கள். அத்தகைய பெட்டிக்குச் சுமார் 15 வாட்டு தேவையென்றால், ஒன்றேகால் ஆம்பியர். 45 ஆம்பியர்-மணி மின்கலத்தில் பாதியைத் தொடப் பதினெட்டு மணி நேரம். ஒரு வாரத்துப் படங்களுக்குச் சற்று ஏறக்குறையச் சரியாகும். அடுத்த வாரம் படம் மங்கத் தொடங்கும். ஆனால் மகிழுந்து மின்கலம் அவ்வாறு ஆழமாக வற்றவிடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. மெல்லிய தகடுகள் பல கொண்டு, ஒரு நொடி வேகத்துக்காகச் செய்யப்பட்டது. ஆதலால் அம்மின்கலங்கள் விரைவிலேயே மலடாயின. “பேட்டரி தண்ணி” எவ்வளவு ஊற்றியும் பயன் இருந்திருக்காது. இயந்திரம் இல்லாமல் மின்கலம் வற்றும் கதையை நம் பாட்டனார்கள் இவ்வாறு பட்டறிந்திருந்தார்கள்.

புரோட்டோனுக்குப் பிறகு

1983இல் புரோட்டோன் நிறுவனம் தோன்றியது. 1985 ஜூலையில் சாகா சாலைக்கு வந்தது. தொடக்ககாலச் சாகா கார்பரேட்டர் வண்டி. இயந்திரம் அணைந்தபின் மின்சாரம் கேட்பதற்கு அதில் அதிகக் கருவிகள் இல்லை. அடுத்த பத்தாண்டுகளில் வண்டித் திருட்டுக்கு அஞ்சிய மக்கள் எச்சரிக்கை ஒலிப்பான்களைக் கடைகளில் வாங்கிப் பொருத்தினர். ஒலிப்பான் உறங்காமல் காவல் காக்க வேண்டும். காவலுக்குக் கூலி மின்சாரம். அதைப் பொருத்தியவர் கம்பியைச் சரியான கிளையில் இணைத்தாரா, காப்புநாடா சுற்றினாரா என்பதைப் பொறுத்து அக்கூலி சிறிதாகவோ பெரிதாகவோ அமைந்தது.

அதற்குள் வண்டிக்கு மூளையும் வந்துவிட்டது. 1986இல் போஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய “கேன்” என்னும் தகவல் வலையமைப்பின் வழியாக வண்டியின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளத் தொடங்கின. இயந்திரத்தை அணைத்ததும் இவை உடனே உறங்குவதில்லை. ஒவ்வொன்றாகக் கண்ணயர இருபது முப்பது நிமிடங்கள், சில வண்டிகளில் அதற்கும் கூடுதலாக ஆகும். ஏதேனும் ஒன்று விழித்திருந்தால் மற்றவற்றையும் எழுப்பிக்கொண்டே இருக்கும். விடுதியில் ஒரு மாணவன் பேசினால் அறை முழுவதும் விழித்திருப்பதைப் போலத்தான்.

அண்மைக்காலத் திருடர்களில் முதலிடம் பெறுவது முன்கண்ணாடியில் மாட்டும் பதிவுக் கேமரா. நிறுத்திவைத்த வண்டியையும் கண்காணிக்கும்படி இணைத்தால் அது கால் ஆம்பியர் அளவுக்கு ஓயாமல் குடிக்கும். இருப்பிடம் காட்டும் கருவிகளும் அவ்வாறே. சுங்கச்சாவடிக்காக நாம் ஒட்டியிருக்கும் ஆர்எஃப்ஐடி ஒட்டியைச் சிலர் குறைகூறுவதைக் கேட்டிருக்கிறேன். அது வண்டியின் மின்கலத்தைத் தொடுவதே இல்லை. அதற்கு முந்தைய ஸ்மார்ட்டேக் பெட்டியும் தனக்கென ஒரு 9 வோல்ட்டு மின்கலத்தில்தான் இயங்கியது.

2021 டிசம்பர் வெள்ளத்தையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானின் தாழ்வான பகுதிகளிலும் நீரில் மூழ்கிய வண்டிகளைப் பலர் கழுவி, உலர்த்தி, மீண்டும் ஓட்டினார்கள். இருக்கைக்குக் கீழும் கால்விரிப்புக்கு அடியிலும் உள்ள கம்பி இணைப்புகளில் சேறும் ஈரமும் தங்கினால் பச்சை நிறத்தில் துரு பூக்கும். அதன் வழியே மின்சாரம் கசியத் தொடங்குவது பல மாதங்கள் கழித்துங்கூட நிகழலாம். பழைய வண்டி வாங்குவோர் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது நல்லது.

எத்தனை நாளில்?

சரி, இனிக் கண்டறியும் முறைக்கு வருவோம். முதலில் மல்டிமீட்டர் வேண்டாம். ஒரு கேள்வி போதும். வண்டி எத்தனை நாள் நின்றபின் கிளம்ப மறுக்கிறது?

நம் நாட்டுச் சிறிய மகிழுந்துகளில் என்எஸ் 40 அல்லது என்எஸ் 60 என்னும் அளவுடைய மின்கலங்கள் பரவலாக உள்ளன. முன்னது ஏறத்தாழ 35 ஆம்பியர்-மணி, பின்னது 45. எல்லாம் உறங்கியபின் ஒரு மகிழுந்து 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை எடுப்பது இயல்பு. 40 என்று கொண்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. மார்ச் 18 முதல் மே 4 வரை 47 நாள்கள். கணக்கு முடிந்தது! எந்தத் திருடனும் இல்லாமலே 45 ஆம்பியர்-மணி மின்கலம் வெறுமையாகிவிடும். வீட்டில் அடைந்திருந்த நாள்களில் வண்டி நின்றுபோனதற்கு நம்மில் பலர் மின்கலத்தையும் விற்றவரையும் வைதோம். பழி அவர்கள்மேல் இல்லை.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். பொருட்பெட்டியின் விளக்கு மூடிய பின்னும் எரிகிறது எனக் கொள்வோம். 5 வாட்டு விளக்கு, 0.4 ஆம்பியர், நாளுக்கு 10 ஆம்பியர்-மணி. இரண்டு மூன்று நாளில் வண்டி படுத்துவிடும். ஓர் இரவில் படுக்காது. பதிவுக் கேமராவின் கால் ஆம்பியர் என்றால் நாளுக்கு 6; வார இறுதிக்குச் சற்றுக் கூடுதலான காலம் தாங்கும். மாறாக, இரவு நிறுத்திய வண்டி காலையில் கிளம்பவில்லை என்றால்? பத்து மணி நேரத்தில் 25 ஆம்பியர்-மணி போக வேண்டும், அதாவது 2.5 ஆம்பியர், 30 வாட்டு. அவ்வளவு பெரிய கசிவு கண்ணில் படும் விளக்காகவோ கையில் சுடும் பகுதியாகவோதான் இருக்கும். அப்படி ஒன்றும் தென்படவில்லையெனில் மின்கலமே முதுமையடைந்துவிட்டது என்று கொள்ளலாம். நம் வெப்பத்தில் அது விரைவாகவே முதுமையடைகிறது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் உள்ளே நிகழும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவிதி. குளிர்நாடுகளில் ஐந்தாண்டு உழைக்கும் மின்கலம் இங்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்தால் வியப்பதற்கில்லை.

இன்னொரு காரணமும் உண்டு; இது கிள்ளான்வாசிகளுக்குரியது. வீட்டிலிருந்து கொமுட்டர் நிலையம்வரை ஐந்து நிமிடம் ஓட்டி, வண்டியை அங்கே நிறுத்திவிட்டு, ரயிலில் கேஎல் சென்ட்ரல் செல்வோர் பலர். அந்த ஐந்து நிமிடத்தில் குளிரூட்டி, விளக்கு, துடைப்பான் எல்லாம் வேறு இயங்கும். கிளம்பும்போது இழந்ததும் நிறுத்திவைத்தபோது கசிந்ததும் முழுமையாகத் திரும்புவதில்லை. கசிவு இல்லாமலே கடன் ஏறிக்கொண்டே போகும். வாரத்தில் ஒரு நாளேனும் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுவதே இதற்கு மருந்து.

அதன்பின் அளவை. வண்டி சில மணி நேரம் ஓய்ந்தபின் மின்கலத்தின் இரு முனைகளில் வோல்ட்டை அளக்க வேண்டும். 12.6க்கு மேல் இருந்தால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி; 12.0 கால் பங்குதான். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் கடமையைச் செய்கிறது. முழுவதும் மின்னேற்றிய மின்கலத்தை வண்டியிலிருந்து கழற்றித் தனியே இரண்டு நாள் வைத்தும் வோல்ட்டு சரிந்தால் குற்றம் மின்கலத்தினுடையது. தனியே நிலைத்து, வண்டியில் மட்டும் சரிந்தால் குற்றம் வண்டியினுடையது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புது மின்கலம் வாங்குவது, காய்ச்சலின் காரணம் அறியாமல் மருந்து விழுங்குவதற்கு ஒப்பாகும். திருக்குறளில் மருந்து அதிகாரத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குற்றம் வண்டியினுடையது எனத் தெரிந்தால் பழைய குமிழ்விளக்கு முறையையே மல்டிமீட்டரால் செய்யலாம். கருவியின் 10 ஆம்பியர் துளையில் கம்பியைச் செருகி, எதிர்முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையில் தொடராக இணைக்க வேண்டும். முன்மூடியும் கதவும் திறந்திருப்பதால் வண்டி விழித்தே இருக்கும். பூட்டின் நாக்கைத் திருப்புளியால் தள்ளி, “மூடிவிட்டது” என்று அதை நம்பவைக்கலாம். சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். சாவியில்லாமல் திறக்கும் வண்டி, சாவி அருகிலிருந்தால் உறங்காது. அரைமணி நேரமாவது காத்திருங்கள். தொடக்கத்தில் பல ஆம்பியர் காட்டும் எண் படிப்படியாக இறங்கும். 50 மில்லியாம்பியருக்குக் கீழே வந்து நின்றால் வண்டி நலம். வராவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எல்லா ஃபியூஸ்களையும் கழற்றியும் எண் இறங்கவில்லையெனில் ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியை நினைவில் கொள்ளுங்கள்; டையோடு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. கருவி இவ்வாறு இணைந்திருக்கும்போது மட்டும் இயந்திரத்தைக் கிளப்பாதீர்கள். அதனுள்ளிருக்கும் ஃபியூஸ் கருகும்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. மின்னேறும் மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டுங்கள். கையில் காப்போ மோதிரமோ இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும்; ஆனால் சற்றுத் தள்ளி நின்று.

திங்கட்கிழமை நோய்

என்னுடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் பயன்படுத்தப்பட்ட வண்டியொன்றை வாங்கியிருந்தார். பதினான்கு மாதங்களில் மூன்று மின்கலங்கள் மாற்றினார். ஒவ்வொரு முறையும் இருநூறு வெள்ளிக்கு மேல். பட்டறையில் போர்மன் வோல்ட்டு குறைந்திருப்பதைக் காட்டுவார், புதியதை மாட்டுவார், அனுப்பிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. வோல்ட்டு குறைந்திருந்தது உண்மையே. ஏன் குறைந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டிருந்தபோது வண்டி நின்ற நாள்களை அவரைப் பட்டியலிடச் சொன்னோம். வருகைப் பதிவேட்டில் தாமதம் குறித்த நாள்கள் இருந்ததால் அது எளிதாயிற்று. பெரும்பாலும் திங்கட்கிழமைகள், மற்றவை பள்ளி விடுமுறை முடிந்த மறுநாள்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒருமுறைகூட இல்லை. வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை ஏறத்தாழ 60 மணி நேரம். 35 ஆம்பியர்-மணி மின்கலத்தில் பாதிக்கு மேல் போக வேண்டுமானால் கசிவு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டோம். பின்னர் ஒயர்மேன் ஒருவரிடம் அளந்தபோது 0.35 ஆம்பியர் காட்டியது. முன்பு வைத்திருந்தவர் பொருத்திவிட்டுப் போன எச்சரிக்கை ஒலிப்பானின் பெட்டி, ஓட்டுநர் கால்வைக்கும் இடத்திற்கு மேலே, ஒலி எழுப்பும் ஆற்றலை என்றோ இழந்தும் உயிரை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கம்பிகளைத் துண்டித்தார்; எண் 0.03க்கு இறங்கியது.

மாற்றிய மின்கலங்களைப் பட்டறையிலேயே கொடுத்து விலையில் சிறு கழிவு பெறுவது நம் வழக்கம். அதில் பிழையில்லை. பழைய ஈயமின்கலம் நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி, எஸ்டபிள்யூ 102 என்னும் குறியீட்டின்கீழ் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. உரிமம் பெற்ற ஆலைகளில் மட்டுமே உருக்கப்பட வேண்டியது. முறையாக உருக்கினால் ஈயம் மீண்டும் ஈயமாகவே வந்துவிடும். முறைதவறினால் என்ன ஆகும் என்பதற்குச் செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கரின் புறநகரான தியாரோய் சான்று. அங்கே வீடுகளுக்கு இடையிலேயே பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் பிரித்து வந்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் பதினெட்டுக் குழந்தைகள் இறந்தனர். உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின் குருதியில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக 2020இல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கை, முறையற்ற மின்கல மறுசுழற்சியை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறியது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். கற்றலில் பின்தங்கும் பிள்ளையைக் கண்டு நாம் சோம்பேறி என்று நினைத்துக்கொள்வோம்.

அந்த ஆசிரியை கொடுத்துவிட்டு வந்த மின்கலங்களில் இரண்டு, முறையாக மின்னேற்றியிருந்தால் இன்னும் ஓராண்டாவது உழைத்திருக்கக்கூடியவை. அவை எந்த லாரியில் ஏறி எந்த உலைக்குப் போயின என்பது அவருக்குத் தெரியாது.